விரலுக்குத் தக்க வேகம்

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பது தமிழரிடையே தொன்றுதொட்டு வழங்கிவரும் பழமொழி. வருவாயைக் கண்டு செலவை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கும், வலிமையைக் கண்டு வினையை மேற்கொள்ள வேண்டும் என்பதற்கும் பெரியோர் இதனையே எடுத்துக்காட்டுவர். வீட்டுக்கும் திருமணத்துக்கும் விருந்துக்கும் பொருந்தும் இம்மொழி, இளைஞர் உள்ளத்தைக் கொள்ளைகொள்ளும் விரைவு மகிழுந்துக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதையே 2012ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து வெளிவந்த ஒரு சிறு மகிழுந்தின் வரலாறு காட்டுகிறது.

அதன் பெயர் டொயோட்டா 86. ஐரோப்பாவில் அது ஜிடி86 என்றும், வட அமெரிக்காவில் சயான் எஃப்ஆர்-எஸ் என்றும் வழங்கியது. அதன் உடன்பிறப்பு சுபாரு பிஆர்இசட் என்னும் பெயரோடு வந்தது. பெயர்கள் பலவாயினும் உடல் ஒன்றே, தொழிற்சாலையும் ஒன்றே. அது விற்பனைக்கு வந்தபோது, ஏறத்தாழ அதே விலையில், அதனினும் ஆற்றல் மிகுந்த போட்டியாளர் பலர் களத்தில் நின்றனர். ஏட்டை விரித்து எண்களை ஒப்பிட்டவர்கள் அது தோற்றது என்றனர். ஓட்டிப் பார்த்தவர்களுட் பலர் அது வென்றது என்றனர். பிரிட்டனில் வெளிவரும் டாப் கியர் இதழ் 2012ஆம் ஆண்டின் சிறந்த மகிழுந்தாக அதனையே தேர்ந்தது. ஒரே பொருளைப் பற்றி இருவேறு தீர்ப்புகள் எழுந்த காரணம் ஆராயத்தக்கது. ஒப்பிடும் முறை பிழையானால் பணம் வீணாகும். விரைவு மகிழுந்தைப் பொறுத்தவரை, சில வேளைகளில் உயிரும் வீணாகும்.

வெட்டப்பட்ட வண்டி

கூபே என்பது பிரெஞ்சுச் சொல். வெட்டப்பட்டது என்பது அதன் பொருள். குதிரை பூட்டிய பெட்டிவண்டிகளில் இரண்டு இருக்கைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். அவற்றுள் முன்னிருக்கையை நீக்கி, நீளத்தைக் குறைத்துச் செய்த சிறுவண்டிக்கே அப்பெயர் முதலில் வழங்கியது. மகிழுந்துக் காலம் வந்தபோது, இரண்டு கதவுகளும் பின்னோக்கிச் சரிந்த தாழ்ந்த கூரையும் உடைய வண்டிகள் அப்பெயரைத் தாங்கின. எனவே கூபே என்பது பிறப்பிலேயே குறைத்தலைக் குறிக்கும் பெயராகும்.

இவ்வகை வண்டி நெடுங்காலம் செல்வர்க்கே உரியதாயிருந்தது. அந்நிலையை மாற்றியவற்றுள் முதன்மையானது அமெரிக்காவின் ஃபோர்டு மஸ்டாங். 1964ஆம் ஆண்டில் வெளிவந்த அது, பால்கன் என்னும் எளிய குடும்ப மகிழுந்தின் உறுப்புகள் பலவற்றைக் கொண்டே செய்யப்பட்டது. அதன் தொடக்க விலை 2,368 டாலர். உள்ளே எளிமை, வெளியே எழில், விலையில் அடக்கம் என்னும் அந்த வழியையே பின்னர் ஐரோப்பாவில் ஃபோர்டு காப்ரியும், ஜப்பானில் டொயோட்டா செலிகாவும் பின்பற்றின. 1969இல் வந்த டாட்சன் 240இசட், ஐரோப்பியர் பெருவிலைக்கு விற்ற இன்பத்தைக் குறைந்த விலைக்குத் தரவியலும் என்று மெய்ப்பித்தது. அலுவலகப் பணியாளரும் ஆசிரியரும் தொழில்வினைஞரும் விரைவு மகிழுந்தின் திருப்பு சக்கரத்தைப் பற்றும் காலம் அவ்வாறே பிறந்தது.

மூன்று மறுப்புகள்

அக்காலம் நிலைக்கவில்லை. டொயோட்டாவின் சுப்ரா 2002இலும், செலிகா 2006இலும், எம்ஆர்-எஸ் 2007இலும் நின்றுபோயின. மக்கள் உயர்ந்த கூரையும் பல இருக்கைகளும் உடைய குடும்ப வண்டிகளை நாடினர். டொயோட்டாவின் மகிழுந்து பழுதுபடாது, எண்ணெயைச் சேமிக்கும், ஆனால் உள்ளத்தைத் தொடாது என்னும் பேச்சு எழுந்தது. உழைப்பாளி என்ற பெயர் நல்ல பெயரே. எனினும் சுவையற்றவன் என்ற பெயரும் அதனோடு ஒட்டிக்கொண்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

இந்நிலையில் டொயோட்டா, சுபாரு மகிழுந்துகளைச் செய்துவந்த ஃபூஜி கனரகத் தொழில் நிறுவனத்தில் 2005இல் பங்கு வாங்கியது. 2008இல் அப்பங்கை உயர்த்தியதோடு, இருவரும் சேர்ந்து பின்சக்கர இயக்கமுடைய சிறு விரைவு மகிழுந்து ஒன்றை உருவாக்குவது என்றும் உடன்பட்டனர். அப்பணிக்குத் தலைமைப் பொறியாளராக டொயோட்டா அமர்த்தியவர் தெட்சுயா தாடா.

தாடா தம் மகிழுந்துக்கு மூன்று மறுப்புகளை விதித்தார். காற்றை அழுத்தித் திணித்து ஆற்றலைப் பெருக்கும் டர்போ வேண்டா. நான்கு சக்கர இயக்கம் வேண்டா. சாலையை இறுகப் பற்றும் சிறப்பு டயர்கள் வேண்டா. இவற்றின் துணிவு அக்காலச் சூழலை அறிந்தோர்க்கே நன்கு விளங்கும். சுபாருவின் புகழ் முழுதும் டர்போவினாலும் நான்கு சக்கர இயக்கத்தினாலும் வந்தது. விருந்துக்குச் சென்ற வீட்டில், அவ்வீட்டார் பெருமையோடு பரிமாறும் இரண்டு பண்டங்களையும் வேண்டா என்று ஒருவர் கூறுவது போன்றது அது.

ஆயினும் காரணமின்றி அவர் மறுக்கவில்லை. டர்போ ஆற்றலைத் தரும். கூடவே எடையையும் வெப்பத்தையும் தரும். காலால் முடுக்கியை மிதிப்பதற்கும் வண்டி பாய்வதற்கும் இடையே சிறு காலத்தாழ்வையும் உண்டாக்கும். நான்கு சக்கர இயக்கம் மழையிலும் பனியிலும் துணைநிற்கும்; ஆனால் முன்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டுகள் வந்துவிட்டால், இயந்திரத்தைத் தாழ்வாகவும் பின்தள்ளியும் வைக்க இடமிராது. டயர்களைப் பற்றிய மறுப்போ மூன்றனுள்ளும் நுட்பமானது. மிக இறுகப் பற்றும் டயர், பெருவேகம் வரும்வரை வழுக்குவதில்லை. வழுக்கத் தொடங்கியபின் ஓட்டுநர்க்குத் திருத்திக்கொள்ளும் நேரத்தைத் தருவதுமில்லை. நடுத்தரமான டயரோ குறைந்த வேகத்திலேயே மெல்ல நழுவி, எச்சரித்து, கற்றுக்கொடுத்து நிற்கும். ஆகவே, எண்ணெய்ச் சேமிப்புக்குப் பேர்போன பிரியஸ் கலப்பு மகிழுந்தின் சில வகைகளுக்குப் பொருத்தப்பட்ட மிச்சலின் டயரே இவ்விரைவு மகிழுந்துக்கும் வந்தது. கேட்டவர் நகைத்தனர். ஓட்டியவர் காரணத்தை உணர்ந்தனர்.

முன்னோரும் மரபும்

86 என்னும் எண் வெற்று அலங்காரம் அன்று. 1983 முதல் 1987 வரை வெளிவந்த கொரோலா லெவின், ஸ்பிரின்டர் டிரூனோ என்னும் இரட்டையருக்கு ஏஇ86 என்பது தொழிற்சாலைக் குறியீடு. ஜப்பானியர் அதனை ஹாச்சி-ரொக்கு, அஃதாவது எட்டு-ஆறு, என்று செல்லமாக அழைத்தனர். 1.6 லிட்டர் இயந்திரமும் பின்சக்கர இயக்கமும் கொண்ட எளிய வண்டி அது. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. பெருஞ்செல்வர் வாங்கியதன்று, மலைப்பாதைகளில் ஓட்டக் கற்ற இளைஞர் பலர் பழைய விலைக்கு வாங்கியது.

சுய்ச்சி ஷிகேனோ 1995 முதல் எழுதி வரைந்த இனிஷியல் டி என்னும் சித்திரத்தொடர் அவ்வண்டியை உலகறியச் செய்தது. குன்மா மாநிலத்து மலைப்பாதையில், தந்தையின் கடைக்காகத் தவ்ஃபூ ஏற்றிச் செல்லும் இளைஞன் அதன் தலைவன். தன்னினும் ஆற்றல் மிக்க வண்டிகளை அவன் பழைய எட்டு-ஆறைக் கொண்டே முந்துவான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அத்தொடரைப் பார்த்து வளர்ந்த தலைமுறையினர் பலர். புதிய 86 பிறந்த சுபாரு தொழிற்சாலையும் அதே குன்மா மாநிலத்தில், ஓட்டா நகரில் இருப்பது இனிய பொருத்தம்.

இன்னும் பின்னே சென்றால் 1965இன் டொயோட்டா ஸ்போர்ட்ஸ் 800 நிற்கிறது. இரண்டே உருளைகள், 790 கன செண்டிமீட்டர் இயந்திரம், 580 கிலோகிராம் எடை. இயந்திரத்தின் வலிமை சிறிது. ஆயின் சுமக்க வேண்டிய சுமையும் சிறிது. குறைவைக் கொண்டே நிறைவைத் தேடும் வழியை டொயோட்டா அன்றே அறிந்திருந்தது. இடையில் மறந்ததை 2012இல் நினைவுகூர்ந்தது என்பதே பொருந்தும்.

தலையாட்டிப் பொம்மையின் பாடம்

2009இல் டோக்கியோ மகிழுந்துக் கண்காட்சியில் மாதிரியாகவும், 2011இல் அதே கண்காட்சியில் முழு வடிவாகவும் காட்டப்பட்ட 86, 2012 ஏப்ரலில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் இயந்திரம் 2.0 லிட்டர், ஆற்றல் 200 குதிரைத்திறன். உருளையின் விட்டமும் 86 மில்லிமீட்டர். உந்துதண்டின் ஓட்டமும் 86 மில்லிமீட்டர்.

இவ்வியந்திரத்தின் அமைப்பே அவ்வண்டியின் உயிர்நிலை. பிற இயந்திரங்களில் உருளைகள் நிமிர்ந்து நிற்கும். சுபாருவின் இயந்திரத்தில் அவை இருபுறமும் படுத்திருக்கும். உந்துதண்டுகள் எதிரெதிராக விலகியும் நெருங்கியும் இயங்குவது, குத்துச்சண்டை வீரர் இருவர் கைகளை நீட்டி மடக்குவது போலத் தோன்றும். ஆதலால் பாக்சர் என்பது அதன் பெயர். படுத்த இயந்திரம் உயரத்தில் குறைந்தது. உயரம் குறையவே வண்டியின் எடைமையமும் தாழ்கிறது. 86இன் எடைமையம் தரையிலிருந்து 460 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ளது என்று அதனைச் செய்தோர் அறிவித்தனர். முழங்காலைச் சற்றுத் தாண்டும் அளவே அது.

எடைமையம் தாழ்வதால் வரும் நன்மையை விளக்கத் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையினும் சிறந்த சான்று இல்லை. அதன் கனம் முழுதும் அடியில் இருக்கிறது. எப்பக்கம் சாய்த்தாலும் அது விழாது மீண்டு நிமிர்கிறது. வளைவில் திரும்பும் மகிழுந்தும் சாய்கிறது. கனம் மேலே இருப்பின் உடல் பெரிதும் சாய்ந்து, வெளிப்புற டயர்கள் மீது சுமை முழுதும் விழும். கனம் கீழே இருப்பின் சாய்வு குறைந்து, நான்கு டயர்களும் தத்தம் பங்கைச் செய்யும். மேலும் 86இன் எடையில் 53 விழுக்காடு முன்னும் 47 விழுக்காடு பின்னும் அமைந்தது. காவடித்தண்டின் இருபுறச் சுமையும் ஏறக்குறைய ஒத்திருந்தால் தோளுக்கு வருத்தம் குறைவதைப் போல, அவ்வண்டிக்கும் திரும்புதல் எளிதாயிற்று.

களத்தில் நின்ற போட்டியாளர்

அமெரிக்காவில் சயான் எஃப்ஆர்-எஸ் 24,200 டாலர் தொடக்க விலைக்கு வந்தது. தென்கொரியாவின் ஹூண்டாய் ஜெனிசிஸ் கூபே, 2013ஆம் ஆண்டு மாதிரியில், 24,250 டாலருக்குக் கிடைத்தது. விலையில் வேற்றுமை 50 டாலரே. ஆனால் ஹூண்டாயின் 2.0 லிட்டர் டர்போ இயந்திரம் 274 குதிரைத்திறன் தந்தது. 50 டாலரைக் கூட்டிக் கொடுத்தால் 74 குதிரைகள் கூடுதலாகக் கிடைக்குமெனில், கணக்கறிந்தவன் எதனை வாங்குவான்? ஃபோர்டு மஸ்டாங்கின் ஆறு உருளை வகையோ 305 குதிரைத்திறன் உடையது. அதன் தொடக்க விலை 86இன் விலையினும் குறைவு. ஏட்டுக் கணக்கில் 86 கடைசி வரிசையில் அமர்ந்தது உண்மை.

எனினும் தராசின் மறுதட்டையும் நோக்க வேண்டும். 86இன் எடை வகைக்கேற்ப 1,200 கிலோகிராமை ஒட்டியது. ஜெனிசிஸும் மஸ்டாங்கும் 1,500 கிலோகிராமைத் தாண்டியவை. இடைவெளி ஏறத்தாழ 300 கிலோகிராம்; வளர்ந்த ஆடவர் நால்வரின் எடை. அந்நால்வரையும் எந்நேரமும் ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்புவதும், அவர்களோடு நிறுத்துவதும், அவர்களுக்கும் சேர்த்து எண்ணெய் வாங்குவதும் ஜெனிசிஸ் உடையார் கடன். நேர்ச்சாலையில் 274 குதிரைகள் அச்சுமையை இழுத்துக்கொண்டு முந்திச் செல்லும். வளைவு வந்தால் சுமை தன் கணக்கைக் கேட்கும். அக்காலத்து மஸ்டாங்கில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பிணைந்திருந்தமையால், ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மற்றதும் அதன் துன்பத்தில் பங்குகொண்டது.

ஐரோப்பாவில் எதிர்நின்றது வோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ. 210 குதிரைத்திறன் உடைய அதன் டர்போ இயந்திரம், நிமிடத்துக்கு 1,700 சுழற்சியிலேயே 280 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தந்தது. 86இன் முறுக்குவிசை 205 நியூட்டன் மீட்டர். அதுவும் 6,400 சுழற்சியைத் தாண்டினால்தான் முழுமையாக வரும். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை அடைய கோல்ஃபுக்கு 6.9 விநாடி, 86க்கு 7.6 விநாடி. நான்கு பேர் வசதியாக அமரலாம். பின்கதவைத் திறந்து சாமானும் ஏற்றலாம். குடும்பத்தார்க்கு கோல்ஃபே ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது முன்சக்கர இயக்கம் உடையது. இழுக்கும் வேலையும் திருப்பும் வேலையும் முன்சக்கரங்கள் இரண்டுக்குமே. 86இல் பின்சக்கரம் தள்ள, முன்சக்கரம் திருப்பும் பணியை மட்டும் செய்தது. ஆதலால் சாலை சொல்லும் செய்தி ஓட்டுநர் கைக்குத் தெளிவாக வந்தது.

ஹோண்டாவின் சிஆர்-இசட் மற்றொரு வழியிற் சென்றது. 2010இல் வெளிவந்த அது, 1.5 லிட்டர் இயந்திரத்தோடு மின்மோட்டாரையும் ஆறு கியர்களையும் இணைத்தது. ஜப்பானில் ஆண்டின் சிறந்த மகிழுந்து என்னும் விருதும் பெற்றது. எண்ணெய்ச் சிக்கனமும் விரைவின்பமும் ஒருங்கே தர முயன்ற அவ்வண்டியின் ஆற்றல் 130 குதிரைத்திறனை ஒட்டியே நின்றது. இரு படகில் கால் வைத்தது என்று சிலர் குறைகூறினும், முயற்சி பாராட்டுக்குரியதே.

மெய்யான போட்டியாளர் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் அறிமுகமாகிய அது, கூரையை மடக்கித் திறக்கும் இரு இருக்கை வண்டி. அவ்வகையில் உலகில் மிகுதியாக விற்றது என்னும் கின்னஸ் சாதனைக்கும் உரியது. குதிரையும் வீரனும் ஓருடல் என்னும் பொருள்தரும் ஜிம்பா இத்தாய் என்ற ஜப்பானியத் தொடரை அதன் பொறியாளர் தம் கொள்கையாகக் கொண்டனர். எடையில் 86ஐவிடவும் குறைவு, ஆற்றலிலும் குறைவு. 86 சென்ற வழியில் அதற்கு இருபதாண்டுக்கும் முன்னரே சென்று காட்டியது அதுவே. 86 கூடுதலாகத் தந்தது நிலையான கூரையும், பெயரளவிலான பின்னிருக்கையும், அவ்விருக்கையை மடக்கினால் நான்கு சக்கரங்களை ஏற்றிச் செல்லும் இடமுமே.

குறைகளும் உள

86ஐப் புகழ்ந்தோர் அதன் குறைகளை மறைத்தனர் என்று கருதலாகாது. நிமிடத்துக்கு 3,500 சுழற்சியிலிருந்து சற்று நேரம் இயந்திரம் சோர்வதைப் போல முறுக்குவிசை தாழ்ந்தது. முந்திச் செல்ல வேண்டிய தருணத்தில் அச்சோர்வு ஓட்டுநரை வருத்தியது. உள்ளறையின் பிளாஸ்டிக் மலிவானது. சாலையின் இரைச்சல் உள்ளே மிகுதியாகக் கேட்டது. பின்னிருக்கையில் வளர்ந்தவர் அமர்வது தண்டனைக்கு ஒப்பாகும். நெடும்பயணத்துக்கு ஜெனிசிஸும், நாள்தோறும் பயன்படுத்த கோல்ஃபும் அதனினும் நல்லவை. இவையெல்லாம் உண்மை. ஒரு மாணவன் கணக்கில் குறைந்த மதிப்பெண்ணும் இசையில் உயர்ந்த மதிப்பெண்ணும் பெற்றால், அவனது சராசரியை மட்டும் பார்ப்பவர்க்கு அவன் யார் என்பது தெரியாது. மகிழுந்துக்கும் அது பொருந்தும்.

எதற்காக ஒப்பிடுவது?

ஒப்பீட்டின் முதற் கேள்வி எது மிக விரைவானது என்பதாயின், 86க்கு இடமில்லை. ஆனால் அந்தக் கேள்வியே பொருந்துமா என்று கேட்க வேண்டும். 86இன் உச்ச வேகம் மணிக்கு 226 கிலோமீட்டர். மலேசிய நெடுஞ்சாலைகளில் சட்டம் ஒப்பும் உச்ச வேகம் 110 கிலோமீட்டர். சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் 90 கிலோமீட்டர். போட்டியாளருள் மெதுவானதும் இவ்வெல்லைகளை எளிதில் மீறும். அப்படியிருக்க, எல்லைக்கு அப்பாற்பட்ட ஆற்றலில் எவர் முந்தியவர் என்று பார்ப்பதால் என்ன பயன்?

இயற்பியல் இங்கே இரக்கமற்ற ஆசிரியர். ஓடும் வண்டியில் தங்கிய ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்பப் பெருகும். மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 140க்கு உயரும்போது வேகம் ஐந்தில் இரண்டு பங்கே கூடுகிறது. ஆற்றலோ ஏறத்தாழ இருமடங்காகிறது. மோதலில் உடலை நொறுக்குவது அந்த ஆற்றலே. ஆற்றல் மிக்க கனமான வண்டி, இளைஞனுக்கு 140இல்தான் இன்பந்தரும் என்றால், ஒவ்வொரு மகிழ்ச்சிக்கும் அவன் உயிரைப் பணயம் வைக்கிறான். அவன் மட்டுமா? எதிரே மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் தந்தையும் பணயத்தில் சேர்க்கப்படுகிறார். அவரிடம் ஒருவரும் கேட்பதில்லை.

86இன் சிறப்பு இவ்விடத்தில் விளங்குகிறது. அடக்கமான டயரும் இலேசான உடலும் தாழ்ந்த எடைமையமும் உடைய வண்டி, சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே உயிர்ப்போடு பேசுகிறது. வளைவுக்கு முன் எவ்வளவு மெதுவாக்க வேண்டும், எப்போது திருப்ப வேண்டும், எப்போது முடுக்கியை மெல்ல மிதிக்க வேண்டும் என்னும் கலையைக் கற்பிக்கிறது. அக்கலையை மேலும் பயில விரும்புவோர்க்குப் பந்தயத்திடல் உண்டு. நான்கு சக்கரங்களை ஏற்றும் இடமும் அதற்கென்றே அமைந்தது. வேகத்தைக் காட்டிலும் திறமையில் மகிழ்ச்சியைக் கண்டவன் சாலையில் பிறர்க்கு இடர் செய்யான்.

விலை என்னும் வேலி

மலிவு என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. அமெரிக்காவில் 24,200 டாலர் என்றால் 2012ஆம் ஆண்டு மாற்றுவிகிதத்தில் ஏறத்தாழ 75,000 மலேசிய வெள்ளி. ஆனால் அதே வண்டி மலேசியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை இரண்டு இலட்சம் வெள்ளியைத் தாண்டியது. இறக்குமதி வரியும் கலால் வரியும் விற்பனை வரியும் சேர்ந்து, எளியோர்க்கென்று செய்த வண்டியைச் செல்வர் வண்டியாக்கின. சிங்கப்பூரில் 1990 முதல் வண்டி வாங்குவோர் உரிமைச் சான்றிதழையும் ஏலத்தில் பெற வேண்டும். 2013 ஜனவரியில் பெரிய மகிழுந்துகளுக்கான அச்சான்றிதழின் விலை மட்டுமே 90,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியது. பத்தாண்டுகளே செல்லும் ஒரு தாளுக்கு அவ்வளவு விலை. நெரிசல் மிக்க சிறு தீவில் அதற்கு நியாயம் உண்டு. உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் நோக்கில் மலேசிய வரிக்கும் நியாயம் கூறுவர். ஆனால், வரி மாறும்போது போட்டியாளர் வரிசையும் மாறும் என்பதை மறக்கலாகாது. கலப்பு இயக்க வாகனங்களுக்கு மலேசியா 2013 இறுதிவரை அளித்த வரிவிலக்கினால், உலக ஒப்பீடுகளில் பின்தங்கிய சிஆர்-இசட்டே அந்நாட்டு இளைஞர்க்கு எட்டும் கூபேயாக விளங்கியது. வேற்று நாட்டார் எழுதிய ஒப்பீட்டை அப்படியே நம்பி ஆசைகொள்வது, அடுத்த வீட்டு அடுப்பில் உலை வைப்பதற்கு ஒப்பாகும்.

ஒன்பதாண்டுத் தவணையில் வண்டி வாங்கும் வழக்கம் மலேசியாவில் உண்டு. இருபத்தைந்து வயதில் கையெழுத்திட்டவன் முப்பத்துநான்கில்தான் விடுபடுவான். அதற்குள் திருமணமும் குழந்தையும் வீட்டுக்கடனும் வந்து சேரலாம். இரண்டு கதவு வண்டியில் குழந்தையின் இருக்கையைப் பொருத்த முயன்ற பிறகே பலர் அதனை விற்கும் முடிவுக்கு வருகின்றனர். ஆகவே ஒப்பீட்டு அட்டவணையில் குதிரைத்திறனுக்கும் விநாடிக்கும் அடுத்து இன்னொரு வரிசையும் வேண்டும்: இவ்வண்டிக்காக எத்தனை மாதச் சம்பளம், எத்தனை ஆண்டு உழைப்பு?

காலத்தின் தீர்ப்பு

ஆண்டுகள் கடந்தபின் களம் வெறிச்சோடியது. ஜெனிசிஸ் கூபேயும் சிஆர்-இசட்டும் 2010களோடு மறைந்தன. ஆறு உருளை மஸ்டாங்கும் 2017ஆம் ஆண்டு மாதிரியோடு நின்றது. சயான் என்னும் பெயரையே டொயோட்டா 2016இல் கைவிட்டது. எம்எக்ஸ்-5 தொடர்ந்து வந்தது. 2016இல் அதன் உற்பத்தி பத்து இலட்சத்தை எட்டியது. 86ஓ 2021இல் ஜிஆர்86 என்னும் இரண்டாம் பிறப்பை எடுத்தது. இயந்திரம் 2.4 லிட்டராயிற்று; முழு முறுக்குவிசையும் 3,700 சுழற்சியிலேயே கிட்டியதால் பழைய சோர்வு நீங்கியது. கவனிக்க வேண்டியது என்னவெனில், அப்போதும் டர்போவும் நான்கு சக்கர இயக்கமும் சேர்க்கப்படவில்லை. எடையும் சிறிதளவே ஏறியது. குறையைத் திருத்தினர்; கொள்கையை விற்கவில்லை.

காலத்தின் தீர்ப்பை முழுமையான நீதி என்றும் கொள்ளலாகாது. நல்லவை சில மறைவதும் உண்டு. ஐரோப்பாவின் புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க இயலாது ஜிஆர்86இன் விற்பனை அங்கே 2024இல் முடிவுற்றது. ஆனாலும் ஒன்று தெளிவு. பெரிய எண்ணைக் கொண்டு வென்றவனை, அதனினும் பெரிய எண் வெல்லும். 274ஐ 305 வெல்லும். 305ஐ நாளை வரும் மின்வண்டி வெல்லும். அளவறிந்து செய்த பொருளுக்கு அவ்வகைத் தோல்வி இல்லை. அது ஓடும் பந்தயமே வேறு.

விரைவு மகிழுந்தை விரும்பும் இளைஞரை ஏசுவதால் பயனில்லை. அழகையும் இயக்கத்தையும் விரும்புவது இளமையின் இயல்பு. அவர்க்குத் தேவையானது நல்ல தராசு. என் வருவாய்க்கு ஏற்றதா, என் திறமைக்கு ஏற்றதா, நான் செல்லும் சாலைக்கு ஏற்றதா என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டபின் கிடைக்கும் விடை 86ஆகவும் இருக்கலாம், கோல்ஃபாகவும் இருக்கலாம், பழைய வண்டியை இன்னும் ஐந்தாண்டு ஓட்டலாம் என்பதாகவும் இருக்கலாம். அம்மூன்றையும் கேட்டுத் தேர்ந்தவன் கையில் எந்த வண்டியும் நல்ல வண்டியே.